ஆனைப்பாறைக் காவல்

ஆனி 12, ஞாயிறு

இன்று அணைக்கட்டைப் பார்த்தேன். எழுதிவைக்காவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது. அதற்காகவே வரும் வழியில் இந்த டைரியை வாங்கினேன்.

தாலுகா ஆபீசில் கூப்பிட்டுவிட்டிருந்தார்கள். அணையில் தண்ணீர் தேக்கப் போகிறார்களாம். மேலே உள்ள சில ஊர்கள் காலி செய்யவேண்டும், ஊர் ஊராகப் போய் மைக்கில் சொல்லவேண்டும் என்றார்கள். இந்த வட்டாரத்தில் மைக்செட் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் சாட்டு, எதுவானாலும் சென்னியப்பன் குழாய் கட்டாமல் நடக்காது. சர்க்காரே என்னைத் தேடி வந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. அவர்கள் வாசித்த ஊர்களில் எங்கள் ஆனைத்துறையும் இருந்தது. நான் எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஓவர்சியர் கலியமூர்த்தி என்னை ஜீப்பில் அணைக்கு அழைத்துப் போனார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வெற்றிலை வாயை மூடவே மாட்டார். தூரத்தில் வெள்ளையாக ஒன்று ஆற்றை அடைத்துக்கொண்டு நின்றது.

"இது எந்த மலைங்க? நான் பாத்ததில்லையே?" என்றேன்.

"நாங்க கட்டுன மலை தம்பி."

சுவரின் உச்சியில் ஏதோ துண்டு காய்கிறது என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஒரு ஆள். கிரேன் ஒன்று ஒரு வீட்டளவு வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஆகாயத்தில் கவிழ்த்தது. சுவருக்குள்ளேயே ஆள் போய்வர நீளமாக ஒரு நடை இருக்கிறது. வெளியே வெயில் கொளுத்த, அதற்குள் மார்கழிக் குளிர். சுவரில் கை வைத்தேன். உள்ளே மிஷின் ஓடுவது கையில் அதிர்ந்தது. "சென்னியப்போ!" என்று என் பேரையே ஒரு கூப்பாடு போட்டேன். அந்தக் கோடியிலிருந்து யாரோ பெரிய ஆள் கூப்பிடுவதாகத் திரும்பி வந்தது. என் குழாயில்கூட என் குரல் அப்படிக் கேட்டதில்லை.

மனுஷன் இதையெல்லாம் செய்வானா என்று நின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. சிமெண்டுத் தூசி.

ஆனி 14, செவ்வாய்

இன்று எங்கள் ஊரிலேயே முதல் அறிவிப்பு. ஆபீசில் கொடுத்த வாசகம் இது: "நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் படிப்படியாக உயருமாதலால் மேற்படி கிராமத்தார் ஆடி முடிவதற்குள் மேட்டுக் காலனிக்குக் குடிபெயரக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இதைச் சொன்னால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. கொஞ்சம் மசாலா சேர்த்தேன். "வெள்ளம் வருகிறது! மேற்கே மலையிலிருந்து இடிமுழக்கத்தோடு சீறிப் பாய்ந்து வருகிறது வெள்ளம்!" என்று ஆரம்பித்து, நடுவில் வாயாலேயே ஒரு இடியும் இடித்தேன். இரண்டு மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டன. ஜனங்கள் கைதட்டினார்கள்.

கைதட்டியதோடு சரி. "வெள்ளம் வந்தாச் சங்கு ஊதுமில்ல, அப்பப் பாத்துக்கலாம். நீ ஒரு பாட்டுப் போடு சென்னியப்பா" என்றார்கள்.

சங்கு என்றால் என் அக்கா பாவாயியின் வீட்டுக்காரர், மச்சான் காளியண்ணன். ஊருக்கு மேற்கே ஒரு கல் தூரத்தில் ஆறு மலையை விட்டுப் பெரிய பெரிய பாறைகளில் விழுந்து இறங்கும். அந்த இறக்கத்தின் தலைமாட்டில், நட்டாற்றில் நிற்பது ஆனைப்பாறை. வெள்ளம் அதன் வயிற்றை நனைத்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊருக்குள் வரும் என்று அர்த்தம். ஆடி பிறந்ததிலிருந்து ஐப்பசி கழியும்வரை மச்சான் குடும்பத்து ஆள் ஒருவர் அந்தப் பாறை மேல் காவல் இருப்பார். வயிறு நனைந்தால் சங்கு ஊதுவார். ஊர் மேட்டுக்கு ஓடிவிடும். ஊர் உருவான காலந்தொட்டு, ஒரே ஒரு வருடம் தவிர, ஒரு உயிரையும் ஆறு கொண்டுபோகாததற்கு அந்தச் சங்குதான் காரணம்.

காவலுக்கு ஒரே ஒரு கட்டு உண்டு. இருக்கிறவர் மேற்கே பார்த்துத்தான் உட்காரவேண்டும், ஊரைத் திரும்பிப் பார்க்கக்கூடாது. எந்தக் காலத்திலோ ஒருவர், ஊரில் நாயனம் கேட்கிறதே, யார் வீட்டுக் கல்யாணம் என்று திரும்பினாராம். அந்த வருடம் சங்கு ஊதாமலே வெள்ளம் வந்ததாம்.

என் குழாய்க்கு இல்லாத மரியாதை ஒரு சங்குக்கு. இருக்கட்டும்.

ஆனி 15, புதன்

பேட்டரித் தண்ணீர் சிந்தி வேட்டியில் ஓட்டை. புது வேட்டி.

ஆனி 26, ஞாயிறு

ஓவர்சியர் சுண்ணாம்பும் ஏணியுமாக வந்து, தண்ணீர் எதுவரை நிற்கும் என்று ஊரெல்லாம் வெள்ளைக் கோடு போட்டார். மாரியம்மன் கோயிலில் கோடு எங்கே விழும் என்று பார்த்தால் கோபுரத்துக்கு மேலே ஆகாயத்தில் விழுகிறது. பக்கத்துத் தென்னையின் குருத்துக்குக் கீழே போட்டுவிட்டுப் போனார். ஆனைப்பாறைக்கு எதிரே செங்குத்தாக நிற்கும் மலையிலும் கயிறு கட்டி இறங்கி ஒரு கோடு போட்டார்கள். பாறையின் தலைக்கு மேலே இரண்டு ஆள் உசரத்தில் அது இருந்தது.

மச்சான் அதை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் கேட்டார்: "அணை எங்கீங்க இருக்குது?"

"கிழக்கே, பன்னெண்டு கல்."

"ஊரு மேக்க இருக்குது. தண்ணி கெழக்க போறது. போற தண்ணி எப்படீங்க திரும்பி மேல ஏறும்?"

ஓவர்சியர் மாட்டுத்தொட்டியைக் காட்டினார். சாய்ந்திருந்த தொட்டியில் ஒரு குடம் ஊற்றினார். தாழ்ந்த பக்கம் நிறைந்து, மெல்ல மேட்டுப் பக்கம் வந்தது. மச்சான் குனிந்து பார்த்தார். அவருக்குப் புரிந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

"தொட்டி சரீங்க. இது ஆறுங்களே" என்றார்.

ஆனி 30, வியாழன்

மேட்டுக் காலனியில் பட்டா எழுதினார்கள். அக்காவை வண்டியில் கூட்டிப்போனேன். குமாஸ்தா "புருஷன் பேரு?" என்றார். அக்கா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினாள். அதில் நாக்கை நீட்டிக்கொண்டு காளியாத்தா.

"சாமி பேரக் கேக்கல. புருஷன் பேரு."

"அதானுங்க. அதோட, கூடப் பொறந்த மூத்தவனை எப்படிக் கூப்புடுவோம், அது."

குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டார். நான் சொல்லப்போனேன், அக்கா முறைத்தாள், நான் சொன்னால் என்ன போச்சு என்று புரியவில்லை. கல்யாணம் ஆன நாள்முதல் அவள் வாயில் அந்தப் பேர் வந்ததில்லை. "இந்தாங்க" என்றால் மச்சான். அவ்வளவுதான். கடைசியில் குமாஸ்தாவே கண்டுபிடித்து எழுதிவிட்டுச் சிரிசிரி என்று சிரித்தார்.

வீடு நல்ல வீடு. ஓடு போட்டது. கம்பத்துக்குக் குழி தோண்டி வைத்திருக்கிறார்கள், அணையிலிருந்து கரண்டு வருமாம். கரண்டு வந்தால் எனக்குப் பேட்டரித் தொல்லை இல்லை. அக்கா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. சங்கு ஊதுட்டும், வர்றேன்" என்றாள்.

ஆடி 1, ஞாயிறு

மச்சான் காவலுக்குப் போனார். அக்கா பாறைக்கு நேரே கரையில் நின்று அவருக்குத் தலைப்பாகை கட்டி, சங்கைக் கையில் கொடுத்தாள். கொடுத்தவுடன் அவர் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு பேச்சு எல்லாம் முதுகோடுதான். பரிசலில் ஏறி, ஓரமாகவே தள்ளிக்கொண்டு போய்ப் பாறையின் கிழக்கடியில் கட்டிவிட்டு ஏறினார். மழைக்குக் கம்பளியைத் தலையோடு கொங்காடையாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் ஆனைமேல் ஒரு மூட்டை.

பாறையில் வயிற்றுமட்டத்துக்கு ஒரு சுரைக்குடுக்கையை மிதவையாகத் தொங்கவிட்டு, அந்தக் கயிற்றைக் கால்கட்டைவிரலில் கட்டிக்கொண்டுதான் தூங்குவார். தண்ணீர் குடுக்கையைத் தூக்கினால் விரல் சுண்டும். தினமும் மத்தியானம் அக்கா வேறு பரிசலில் சோற்றுப்போசியோடு போவாள். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமானால் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போய் நிற்கவேண்டும்.

நான் போகவில்லை. எனக்கு வேறு ஊர்களில் அறிவிப்பு இருந்தது. போனவழியில் சும்மா ஒரு எட்டு பாறையைப் பார்த்துவிட்டுப் போனேன்.

ஆடி 9, திங்கள்

ஆற்றை நிறுத்திவிட்டார்கள்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஷட்டர்களை இறக்கும்போது நான் அணைமேல் நின்றேன். இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசிக் கதவு இறங்கியபோது அணைக்குக் கீழே ஆறு மெலிந்து, நூலாகி, நின்றுபோனது. மணலில் மீன்கள் துள்ளின. பிறந்ததிலிருந்து ஓடுவதை மட்டுமே பார்த்த ஆறு நின்று கிடப்பதைப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஒரு மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை. பேர் மாராயி. கிழக்கே கால்வாய் வெட்டியிருக்கும் காட்டூரிலிருந்து தலையில் சோற்றுமூட்டையோடு நடந்தே வந்திருந்தாள். அங்கே ஒரு குடம் தண்ணீருக்கு விடியும் முன்னே கிளம்பினால் உச்சிவெயிலில்தான் திரும்புவார்களாம். இவள் மாமியார், நாத்தனார் எல்லாருக்கும் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தே போயிற்றாம். "ஏனுங்கண்ணா, இந்தத் தண்ணி எங்கூருக்கு நெசமாவே வந்துருமுங்களா?" என்று என்னைக் கேட்டாள், நான் கட்டிய அணைபோல. "வரும் அம்மிணி" என்றேன். வெறும் கால்வாய்ச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

எங்கள் ஊரைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. எதற்கு?

ஆடி 18, புதன்

பதினெட்டாம் பெருக்கு. பெண்கள் எல்லாரும் முளைப்பாலிகையும் விளக்குமாகத் துறைக்குப் போனார்கள். நான் பாட்டுப் போட்டேன். வாழைமட்டையில் விளக்கேற்றித் தண்ணீரில் விட்டார்கள். விளக்குகள் கொஞ்சதூரம் கிழக்கே போயின. போய் நின்றன. அப்புறம் மெல்லத் திரும்பி வந்தன.

ஒவ்வொரு விளக்காக, யாரும் தொடாமல், அணையாமல், வந்து படித்துறையில் ஏறியது. விட்டவர்களின் காலடிக்கே வந்தது.

குலவை போட்டார்கள் பாருங்கள், அப்படி ஒரு குலவையை நான் கேட்டதில்லை. "ஆத்தா நம்மளப் போக வேண்டாங்கறா!" என்று ஒருத்தி சொன்னாள். "விட மாட்டேங்கறா!" என்று அழுதார்கள். வண்டியில் சாமான் ஏற்றி வைத்திருந்த நாலு குடும்பம் இறக்கிவிட்டது. அக்கா தன் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதுக்கு என்னடா சொல்றீங்க நீயும் உன்ற ஓவர்சியரும்?" என்று கேட்டாள்.

எனக்கு மாட்டுத்தொட்டி ஞாபகம் வந்தது. பாட்டை நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினாய் என்று திட்டினார்கள்.

ஆடி 20, வெள்ளி

மறுபடி ஊரில் அறிவிப்பு. ஆபீசு வாசகத்தை உள்ளபடியே படித்தேன். மேற்கு, இடி, ஒன்றும் சேர்க்கவில்லை. யாரும் கைதட்டவில்லை. "என்ன சென்னியப்பா, தொண்டை கட்டிருச்சா?" என்றார்கள்.

ஆடி 23, திங்கள்

மலையில் நாலு நாளாக மழை. ஆறு செம்மண்ணாகப் பெருகி இறங்குகிறது. பரிசல் போடமுடியாது. அக்கா சோற்றுப்போசியோடு கரையில் நின்றுவிட்டு வந்தாள். பாறையில் பொரிமாவு இருக்கிறது, சமாளிப்பார் என்கிறாள். என்னிடம் சொல்கிறாளா தனக்கே சொல்லிக்கொள்கிறாளா தெரியவில்லை.

ஆடி 25, புதன்

விடிந்ததும் அக்கா கிணற்றடியிலிருந்து கூப்பிட்டாள். குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "கயிறு வேண்டாம்டா. குனிஞ்சு மொண்டேன்" என்றாள். கிணறு விளிம்புவரை நிறைந்திருந்தது.

கீழ்த்தெருவுக்கு ஓடினேன். வண்டித்தடத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கிழக்கிலிருந்து. நுரை இல்லை, இரைச்சல் இல்லை, சேறு இல்லை. ஒரு விரல்கடை வரும், நிற்கும், யோசிக்கும், இன்னொரு விரல்கடை வரும். முன்னால் வைக்கோல் துரும்பையும் வரட்டித் தூளையும் தள்ளிக்கொண்டு வந்தது. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறின. ஒரு நாயும் குலைக்கவில்லை. குழந்தைகள் அதில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தன, தாய்மார்கள் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதென்ன வெள்ளமா? சத்தத்தையே காணோம்" என்றார் ஒருவர்.

நான் சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவன். பன்னிரண்டு கல் நீளத்துக்கு ஒரு ஆறு, ஒரு சத்தமும் இல்லாமல், வந்த வழியே திரும்பி வந்து ஊருக்குள் நிற்பதைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயத்தைவிட வேறு ஏதோ ஒன்று. கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன்.

அப்புறம் மைக்கை எடுத்தேன். என் வாழ்நாளிலேயே சின்ன அறிவிப்பு அதுதான். "தண்ணி வந்துருச்சு. எல்லாரும் கெளம்புங்க."

கிளம்பினார்கள். காலடியில் ஈரத்தைப் பார்த்தபிறகு யாரும் பாட்டுக் கேட்கவில்லை. அக்கா மட்டும் மேற்கு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"சங்கு ஊதுலீல்ல?" என்றாள்.

"அக்கா, பின்னால பாரு."

பின்வாசல் வழியாகத் தண்ணீர் வந்திருந்தது. அடுப்படியிலிருந்த சோற்றுக்குண்டா மிதந்து, முன்கூடத்து ஆசாரத்தைத் தாண்டி, அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. அக்கா அதைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப அவரு?" என்றாள்.

ஊரைக் காலி செய்ய வந்திருந்த ஓவர்சியரின் ஜீப்பில் மைக்செட்டையும் பேட்டரியையும் ஏற்றிக்கொண்டு மூவரும் மலைத்தடத்தில் சுற்றிப் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. மலைவெள்ளமும் சேர்ந்ததில் அதற்குள் ஏரி மடமடவென்று ஏறியிருந்தது. ஆனைப்பாறைக்கு நேரே கரையில் இறங்கியதும் எனக்குக் காது அடைத்துவிட்டதாகத் தோன்றியது. பாறைக்குக் கீழே ஆறு விழுந்து இறங்கும் இரைச்சல், நாங்கள் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்டது, அதைக் காணோம். ஏரி அந்த இறக்கத்தையெல்லாம் ஏறி மூடிவிட்டு, பாறையின் காலடியில் தட்டையாகக் கிடந்தது. மேற்கே செந்நீர் சீறிக்கொண்டு இறங்கி, பாறையைச் சுற்றிச் சுழித்து, ஏரியைத் தொட்டதும் அடங்கிப்போனது. கரைக்கும் பாறைக்கும் நடுவில் அந்தச் சுழிப்பு. எங்களால் போகமுடியாது.

பாறைமேல் மச்சான். கொங்காடை போட்டு, மடியில் சங்கு, முகம் மேற்கே. அவர் பார்வைக்கு வயிறு நனைய இன்னும் நிறைய இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் கிழக்கடியில் பரிசல் கட்டியிருந்த முளை தண்ணீருக்குள் போய்விட்டது. கயிறு விறைத்து, பரிசலின் ஒரு விளிம்பைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

ஓவர்சியர் வெற்றிலையைத் துப்பிவிட்டார். "அந்தக் கயித்த அவுக்கலன்னா பரிசல் உள்ள போயிடும்ப்பா. போச்சுன்னா அந்தாள எடுக்க வழியே இல்ல. பொழுது சாயறதுக்குள்ள பாறையே இருக்காது."

கூப்பிட்டேன். முதலில் அறிவிப்புக் குரலில். அப்புறம் என் சொந்தக் குரலில். "மச்சான்! திரும்பிப் பாருங்க! ஊரு போயிருச்சு மச்சான்! பரிசலு முங்குது!"

அவர் தோள் ஒருமுறை அசைந்தது. திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, இரு இரு என்று காட்டினார். "நீங்க எருமைய வித்து வாங்கிக்குடுத்த மைக்கு மச்சான்! அதுலதான் கூப்படறேன், ஒருக்காத் திரும்புங்க!" என்று கத்தினேன். அப்பா போனபிறகு என்னை வளர்த்த கதையெல்லாம்கூடச் சொன்னேன் போலிருக்கிறது, சரியாக ஞாபகம் இல்லை. பரிசலின் விளிம்புக்கு மேல் தண்ணீர் எட்டிப் பார்த்தது.

அக்கா மைக்கைப் பிடுங்கினாள். வாயோடு வைத்ததில் அது கீச்சென்று அலறியது. "இந்தாங்க" என்றாள். "இந்தாங்க, நானுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பவில்லை.

அக்கா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் விட்டாள்.

"காளியண்ணா!"

இரண்டு பக்க மலையும் அதைத் திருப்பிச் சொன்னது. அவள் நிறுத்தவில்லை. "காளியண்ணா! டேய் காளியண்ணா! திரும்பு!"

மச்சான் திரும்பினார்.

கொங்காடை நழுவி விழுந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை. கிழக்கே பார்த்தார். ஊர் இருந்த இடத்தில், தென்னங்குருத்துகளும் கோபுரத்தின் பாதியும் நிற்க, கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். ஆகாயம் முழுவதும் அதற்குள் கிடந்தது. அவர் எழுந்து நின்று சங்கை வாயில் வைத்து, கிழக்கே பார்த்து ஊதினார். மூச்சு முட்டும்வரை ஊதினார். மேட்டுக் காலனியில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே போட்டுவிட்டுத் தங்கள் குழந்தைகளைத் தேடிப் பிடித்துக்கொண்டார்களாம்.

ஊதி முடித்துத்தான் இறங்கினார். இடுப்பளவு நீரில் நின்று சூரிக்கத்தியால் கயிற்றை அறுத்தார். பரிசல் குதித்து மேலே வந்தது. ஏரிப் பக்கமாகவே தள்ளிக்கொண்டு சுற்றி வந்தார். தண்ணீர் எந்தப் பக்கமும் இழுக்காததில் துடுப்பை எப்படிப் போடுவது என்று தடுமாறினார். கரையேறியதும் அக்கா முகத்தை மூடிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கும் கண்ணில் நீர். தூசி ஒன்றும் இல்லை.

ஆடி 26, வியாழன்

காலையில் மச்சானும் நானும் காலனி மேட்டில் உட்கார்ந்திருந்தோம். கீழே ஏரி. கோபுரத்தையும் காணோம். நான் கேட்டேன், "அத்தனை கூப்பாடு போட்டனே மச்சான், காது கேக்குலியா?"

"கேட்டுச்சு மாப்ளே. நீ வர்றதுக்கு முன்னாலயே தெரியும். எறக்கத்துச் சத்தம் நின்னுச்சு பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏன் திரும்புல?"

"திரும்புற வரைக்கும் ஊரு இருந்துச்சில்ல."

அப்புறம் பாதிச் சிரிப்போடு, "நானும் மேக்கயேதான் பாத்துட்டு இருந்தேன். இடி மொழக்கத்தோட மேக்க இருந்து வரும்னு நீதான மாப்ளே மைக்குல சொன்ன?" என்றார்.

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றவேண்டியிருந்ததால் எழுந்துபோய்விட்டேன்.

ஆவணி 3, வெள்ளி

கால்வாயில் தண்ணீர் திறப்பு. காட்டூரில் மைக் கட்டப் போனேன். மச்சான் தானும் வருகிறேன் என்றார், சங்கோடு. வழியில் அணையைக் காட்டினேன். சுவரில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. "இதுவா நம்ம ஊர்ல வந்து நின்னுச்சு" என்றார். கோபமாகச் சொன்ன மாதிரியும் இல்லை. கோயிலில் பேசும் குரல்தான்.

காட்டூர்க் கால்வாயில் தண்ணீர் தலைகாட்டியதும் மச்சான் உள்ளே இறங்கி, அதைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்தார். தண்ணீருக்கு முதுகு காட்டி அவருக்குப் பழக்கமில்லை. காய்ந்த மண் அதைக் குடித்துக் குமிழி விட்டது. மண்வாசனை கிளம்பியது. பழக்கதோஷம், மச்சான் சங்கை எடுத்து ஊதிவிட்டார்.

ஊதியதும் ஊர் திரண்டு ஓடிவந்தது. குடமும் குண்டாவுமாக, கிழடு கட்டைகளும், நண்டுசிண்டுகளும், முன்னால் அந்த மாராயியும். மச்சான் முகம் வெளுத்துப் போனது. "மாப்ளே! தண்ணியப் பாத்து ஓடியாராங்க மாப்ளே! அந்தப் பக்கம் போகச் சொல்லு!" என்று என் கையைப் பிடித்து உலுக்கினார்.

"இவங்க அப்படித்தான் மச்சான்" என்றேன்.

மாராயி புடவையோடு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. ஊதினவரைப் பார்த்து, "இன்னொருக்கா ஊதுங்கண்ணா!" என்றாள். மச்சான் கொஞ்சநேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஊதினார்.

நான் மைக்கைத் திறக்கவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஆவணி 5, ஞாயிறு

சாயங்காலம் மச்சான் மேட்டு விளிம்பில் ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்கா வாசலில் நின்று, "இந்தாங்க, சாப்பிட வாங்க" என்றாள். அவர் திரும்பவில்லை. "இந்தாங்க!" என்றாள் மறுபடி. முதுகு அசையவில்லை. ஆனால் காது சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

அக்கா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். என்னைப் பார்த்து, உள்ளே போடா என்றாள். போனேன். போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மெல்லத்தான் கூப்பிட்டாள், பேரை.

அவர் எழுந்து வந்து சாப்பிட்டார்.